5 ரூபாய் வாஷரும் 700 ரூபாய் பிளம்பரும்

நேற்று ராத்திரியிலிருந்து ஏழு பேர் ஒரு முகநூல் பதிவின் ஸ்க்ரீன்ஷாட்டை எனக்கு அனுப்பிவிட்டார்கள். பார்த்துவிட்டேன் சாமி, பார்த்துவிட்டேன். போட்டவர் பெயரைச் சொல்லப் போவதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். "வாஷர் 5 ரூபாய், வேலை 10 நிமிஷம், பில் 700. வீடியோ பார்த்து நானே செஞ்சிருப்பேன். பேசாம ஐடி வேலையை விட்டுட்டுப் பிளம்பர் ஆகிடலாம் போல." கூடவே ஒரு போட்டோ. சிங்குக்கு அடியில் தலையை நுழைத்து வேலை பார்த்துக்கொண்டிருக்கிற மனிதரைப் பின்னாலிருந்து எடுத்தது. போதாததற்கு ஜிபேயில் காசு போன பக்கமும், அவர் பெயர் தெரிகிற மாதிரி.

ஆகுங்களேன் பிளம்பர். யார் கையைப் பிடித்தது? ஐடிஐயில் பிளம்பர் படிப்பு ஒரு வருஷம்தான். எலக்ட்ரீஷியனுக்கு இரண்டு வருஷம். முடித்துவிட்டு யாருக்காவது பை தூக்கி, மொட்டை மாடி வெயிலில் டேங்க்குக்குள் இறங்கி, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் வந்தாலும் கிளம்பிப் போய்ப் பழகுங்கள். நானே உங்களைக் கூப்பிடுகிறேன். பில் போடும்போது நானும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். செய்யத் தெரிந்தால் நீங்களே செய்யுங்கள். கூப்பிட்டால் காசைக் கொடுங்கள். கூப்பிட்டு, வேலை வாங்கி, குழாய் ஒழுகுவது நின்ற பிறகு "நானே செஞ்சிருப்பேன்" என்று சொல்லாதீர்கள். நீங்களே செய்திருப்பீர்கள் என்றால் ஏன் செய்யவில்லை?

உடனே "இவள் யாரும் வீட்டு வேலையைத் தானே செய்யக் கூடாது என்கிறாள்" என்று ஆரம்பிக்க வேண்டாம். நான் வயர்மேன் மகள். என் வீட்டில் டூல்ஸ் பை இருக்கிறது. ஃபேன் மெதுவாகச் சுற்றினால் கண்டென்சர் நானே மாற்றுவேன், 2.5 மைக்ரோஃபாரட். மாற்றுவதற்கு முன் மெயினை அணைப்பேன், மறக்காமல் இன்வெர்ட்டரையும் அணைப்பேன். இந்த இரண்டாவதைச் செய்யாமல் ஏணியில் ஏறுகிறவர்கள் எத்தனை பேர்! மெயின் அணைத்தாயிற்று என்ற தைரியத்தில் கையை வைப்பார்கள், இன்வெர்ட்டர் பாட்டுக்கு அந்த லைனுக்கு 230 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். நீங்கள் பார்த்த நாலு நிமிட வீடியோவில் இது இருந்ததா?

என் சொந்தக் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷம் முன்னால், ஒரு ஞாயிறு மாலை. பாத்ரூமில் பழைய பித்தளைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. புதுக் குழாய், டெஃப்லான் டேப், ரெஞ்ச் எல்லாம் வாங்கி வைத்து, வீடியோவும் பார்த்துவிட்டு இறங்கினேன். பழையதைத் திருகினேன், வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகத் திருகினேன். குழாய் கையோடு வந்துவிட்டது, மரை மட்டும் உடைந்து சுவருக்குள்ளேயே நின்றுவிட்டது. மாடிக்கு ஓடி கேட் வால்வைத் திருகினால் அது பல வருஷமாக யாரும் தொடாமல் இறுகிப் போயிருந்தது, பாதிதான் மூடியது. ஆறு வீட்டுக்கும் ஒரே டேங்க். கீழ் வீட்டு மாமி வந்து நின்று ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் வாளியை வைத்துவிட்டுப் போனார். அதற்குத் திட்டியிருக்கலாம்.

எட்டு மணிக்குப் பிளம்பர் அண்ணன் வந்தார். நான் சுவரை உடைக்கத் தயாராக இருந்தேன். அவர் ஆக்ஸா பிளேடில் ஒரு துண்டை ஒடித்துத் துணி சுற்றி, உள்ளே நின்ற மரையில் இரண்டு இடத்தில் மெதுவாக அறுத்தார். வெளிப்பக்கம் இருக்கிற பைப்பின் மரையில் பட்டுவிடக் கூடாது, பட்டால் அப்புறம் ஆயுசுக்கும் ஒழுகும். பிறகு சின்ன உளியால் அந்தத் துண்டை உள்பக்கமாக மடக்கி எடுத்தார். ஒரு டைல்ஸில் கீறல் இல்லை. நாற்பது நிமிடம். 500 கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நானூறு வச்சுக்கோங்கண்ணே." வயர்மேன் மகள் நான். வாயில் தானாக வந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். அந்தச் சிரிப்புதான் இன்னும் மறக்கவில்லை. மறுநாள் மீதி நூறை அனுப்பினேன் என்பதெல்லாம் பெரிய விஷயமில்லை.

"அமெரிக்காவில் எல்லாரும் தானே செய்கிறார்கள்" என்று ஒருவர் அந்தப் பதிவுக்குக் கீழே எழுதியிருந்தார். அங்கே ஆளைக் கூப்பிட்டால் பர்ஸ் காலி, அதனால் செய்கிறார்கள். இன்னொன்று, அங்கே பல வீடுகளில் உள்சுவர் மரச்சட்டமும் பலகையும்தான், வெட்டிப் பார்த்து மறுபடி ஒட்டலாம். நம் வீட்டில் செங்கல் சுவரைக் காடி வெட்டி, பைப்பைப் புதைத்து, சிமெண்ட் பூசி, மேலே டைல்ஸ். உள்ளே எது எங்கே போகிறது என்று கட்டியவருக்கே நினைவிருக்காது. வயரிங் இன்னும் மோசம். ஃபேஸ் வயருக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை என்பார்கள். கையில் இருந்த சுருளில் மிச்சமானதை வைத்து மூன்றையும் சிவப்பிலேயே இழுத்த வீட்டை அப்பா பார்த்திருக்கிறார்.

"ஏமாற்றுகிறார்களே?" ஏமாற்றுகிறவர் இருக்கிறார். எனக்கே நடந்தது, கண்டென்சர் போன மோட்டாருக்கு காயில் எரிந்துவிட்டது என்று 3,500 ரூபாய் வாங்கிப் போனார் ஒருவர். டாக்டரில், வக்கீலில், ஐடியில் இல்லையா? அவர்களைப் பின்னாலிருந்து போட்டோ எடுத்துப் போடுவீர்களா? "ஹார்டுவேர் கடையில் கமிஷன் வாங்குகிறார்கள்." வாங்கட்டுமே. "வருகிறேன் என்று சொல்லிவிட்டு வருவதில்லை." இதற்கு என்னிடம் பதில் இல்லை. என் அப்பாவும் அப்படித்தான், அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

அப்பா பாளையங்கோட்டையில் வயர்மேன். மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதி வாங்கிய சான்றிதழை எங்கள் கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில் ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார். நான் எட்டாவது படிக்கும்போது ஒரு வீட்டில் ஏணியில் நின்று கனெக்‌ஷன் கொடுத்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்காரர் மெயினைப் போட்டுவிட்டார். தூக்கி எறிந்தது. உயிர் தப்பியது, வலது மணிக்கட்டு முறிந்தது. இரண்டு மாதம் வேலை இல்லை. அந்த வீட்டுக்காரர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார். பாக்கிக் கூலி கொடுத்தபோது, முடிக்காமல் விட்ட இரண்டு பாயிண்டுக்குக் கழித்துக்கொண்டார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அப்பா லைட் மாட்டிய பாத்ரூமை அவரை உபயோகிக்க விட மாட்டார்கள். "தெருக்கோடில காலி இடம் இருக்கு பாருப்பா." மதிய வெயிலில் இதற்காகவே தண்ணீர் குடிக்காமல் வேலை பார்ப்பார். சின்ன வயதில் தெரியாது, கல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தபோது அவராகச் சொன்னார்.

எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ போகிறேன், தெரிகிறது. 700 அதிகமா குறைவா என்பதுகூட எனக்கு முக்கியமில்லை. அதிகம் என்றால் முன்னாடியே கேளுங்கள், பேரம் பேசுங்கள், ஒத்துவரவில்லை என்றால் வேறு ஆளைக் கூப்பிடுங்கள், இல்லை நீங்களே செய்யுங்கள். குனிந்து வேலை பார்க்கிறவரின் முதுகை எதற்கு ஊருக்குக் காட்டுகிறீர்கள்? அவருக்கும் முகநூல் இருக்கும். பத்தாவது படிக்கிற பெண் இருக்கலாம்.

அந்தப் பதிவுக்குச் சிரிப்பு போட்டவர்களில் ஒருத்தி என் கல்லூரித் தோழி. எங்கள் வீட்டில் மூன்று நாள் தங்கிச் சாப்பிட்டவள். அவள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குச் சீரியல் செட் கட்டிக் கொடுத்தது என் அப்பா. காசு வாங்கவில்லை. "நம்ம பிள்ளை வீடு" என்றார். அது 10 நிமிட வேலை இல்லை தாயி, ஒரு ராத்திரி.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவளிடமிருந்து இன்பாக்ஸில் ஒரு செய்தி. பதிவைப் பற்றி இருக்கும் என்று நெஞ்சு படபடக்கத் திறந்தேன். "ஹே, கிச்சன் சிங்க் அடைச்சுக்கிச்சு. உங்க ஏரியா பிளம்பர் நம்பர் இருந்தா அனுப்பேன், அர்ஜெண்ட்."

அனுப்பியிருக்கிறேன். பிளம்பர் அண்ணனுக்கும் போன் செய்து, ரேட்டை வாசலிலேயே சொல்லிவிட்டு உள்ளே போகச் சொல்லியிருக்கிறேன்.