"சட்டப்படி போகட்டுமே" என்கிறவர்களுக்கு

ஆலைத் தொழிலாளர் சங்கப் போராட்டம் பற்றிய அந்த விவாத நிகழ்ச்சித் துண்டை மூன்று நாளாக மாறி மாறிப் பகிர்கிறீர்கள். யார் பேசினார் என்பதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. "கோரிக்கை இருந்தால் சட்டப்படி போகட்டுமே, கேட் வாசலில் ஏன் உட்கார வேண்டும்?" இந்த வரிக்கு நம் நட்புப் பட்டியலிலேயே எத்தனை பேர் இதயம் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

சரி, சட்டப்படியே போவோம்.

முதலில் சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1926 தொழிற்சங்கச் சட்டப்படி ஏழு பேர் கையெழுத்துப் போட்டு விண்ணப்பிக்கலாம்; அதற்குப் பதிலாக வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அப்படித்தான். 2001 திருத்தத்துக்குப் பிறகு, ஆலைத் தொழிலாளரில் பத்து சதவீதம் அல்லது 100 பேர், எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருந்தாக வேண்டும். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விண்ணப்பித்தவர்களில் பாதிக்கு மேல் பின்வாங்கினால் மனு நிற்காது. ஏழு பேர் என்றால் நான்கு பேரை மடக்கினால் போதும். எப்படி மடக்குவார்கள்? ஹெச்.ஆர். அறைக்கு ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். திடீரென்று லைன் மாறும், ஷிப்ட் மாறும், ஊரில் இருக்கும் அப்பாவுக்கு போன் போகும். "விவரம் சொல்லாமல் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்" என்று டைப் அடித்த கடிதம் மேஜையில் இருக்கும். தேதியும் பெயரும் மட்டும் பேனாவால் நிரப்ப வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் ஏழோடு நிறுத்தாமல் இருபது முப்பது கையெழுத்து வாங்குவது இதற்காகத்தான்.

மனுவைக் கொடுத்தாயிற்று. பதிவாளர் எத்தனை நாளில் முடிவு சொல்ல வேண்டும்? 1926 சட்டத்தில் கெடுவே இருக்கவில்லை. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அங்கிருந்த சங்கத்துக்குப் பதிவு கிடைத்தது 2025 ஜனவரியில், அதுவும் உயர் நீதிமன்றம் வரை போன பிறகு. நிறுவனத்தின் ஆட்சேபம் என்ன? சங்கத்தின் பெயரில் தங்கள் பெயர் வரக் கூடாதாம். ஏற்கெனவே பதிவான வேறொரு சங்கத்தின் பெயரோடு குழப்பம் வரக் கூடாது என்றுதான் 1926 சட்டத்தின் 7ஆம் பிரிவு சொன்னது. கம்பெனிப் பெயரைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. சட்டப்படி போனவர்களுக்குக் கிடைத்த மரியாதை இது.

அடுத்து ஸ்டிரைக். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு ரயில், தண்ணீர், மின்சாரம் போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த முன்னறிவிப்புக் கட்டாயம் இப்போது எல்லா ஆலைக்கும். நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழியும்வரை வேலையை நிறுத்தக் கூடாது. இடையில் அரசின் சமரச அதிகாரி பேச்சுவார்த்தையைத் தொடங்கினால், அது முடிந்து 7 நாள் வரை கூடாது. சமரசம் முறிந்தால் இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் நேராகத் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நிர்வாகம் ஒரு மனுவைப் போட்டுவிட்டால் வழக்கு முடியும்வரையிலும், முடிந்து 60 நாளும் ஸ்டிரைக் சட்டவிரோதம். நம் ஊரில் வழக்கு எத்தனை வருஷம் ஓடும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பாதிப் பேர் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் கேஷுவல் லீவ் போட்டால் அதுவும் ஸ்டிரைக். மீறினால் ஆயிரம் ரூபாய் முதல் பத்தாயிரம் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். போதாததற்கு, பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து நோட்டீஸ் இல்லாமல் வராமலிருந்தால் எட்டு நாள் சம்பளம் வரை பிடித்துக்கொள்ளலாம்.

இப்போது சொல்லுங்கள், சட்டப்படி எங்கே போவது?

"யூனியன் வந்தால் கம்பெனி ஓடிவிடும், நோக்கியாவைப் பார்" என்று ஒருவர் வருவார். பார்த்தோம். ஸ்ரீபெரும்புதூர் ஆலையின் சொத்து வரி வழக்கில் முடங்கியது, நோக்கியாவின் ஃபோன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது அந்த ஆலையை விட்டுவிட்டு மற்றதை வாங்கியது, 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. ஃபோர்டு? இந்தியாவில் பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று அவர்களே 2021இல் அறிவித்தார்கள். நஷ்டக் கணக்கைக் கம்பெனியே சொன்ன பிறகும் பழி மட்டும் யூனியனுக்கு.

"சங்கத் தலைவர்கள் மட்டும் யோக்கியமா?" விலைபோனவர்கள் உண்டு. அதை இன்னொரு நாள் பேசலாம்.

உண்மையில் பொருளாதாரத் தாராளமயம் வந்த 1991க்குப் பிறகு ஆலைக்குள் நடந்த மாற்றத்துக்குச் சட்டத் திருத்தமே தேவைப்படவில்லை. ஒரே லைன், ஒரே யூனிஃபார்ம், கழுத்தில் தொங்கும் டேக்கின் நிறம் மட்டும் வேறு: நிரந்தரம், டிரெயினி, அப்ரண்டிஸ், கான்ட்ராக்ட். ஒரே திருகை முடுக்குகிறவர்களுக்கு நாலு விதச் சம்பளம். ஆலையை மூட அரசிடம் அனுமதி வாங்க வேண்டிய வரம்பு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆனதெல்லாம் பிறகு வந்த காகித வேலை.

2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலை மசோதா நிறைவேறியபோது இதே பட்டியலில் எத்தனை பேர் பதறினீர்கள்! "தொழிற்சங்கமெல்லாம் எங்கே போச்சு?" என்று கேட்டவர்களும் நீங்கள்தான். மூன்றே நாளில் நிறுத்திவைப்பு, மே 1 அன்று வாபஸ் அறிவிப்பு. அந்தச் சங்கங்கள் எங்கும் போகவில்லை. இப்போது நீங்கள் திட்டிக்கொண்டிருப்பதும் அவர்களைத்தான். கசப்பாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது சங்கத்துக்கென்று சட்டமே இல்லை. பின்னி ஆலை நிர்வாகம் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கி, சங்கத் தலைவர் பி.பி. வாடியாவின் கையைக் கட்டியது. அந்த வழக்கு கிளப்பிய கொந்தளிப்பிலிருந்துதான் 1926 சட்டம் வந்தது. அவர்களிடமும் அன்று யாராவது "சட்டப்படி போங்கள்" என்று சொல்லியிருப்பார்கள்.

கமெண்டில் எனக்குச் சட்டம் சொல்லித்தர வருகிறவர்கள் தயவுசெய்து தொழிலுறவுத் தொகுப்பின், ஸ்டிரைக் பற்றிய 62ஆம் பிரிவைப் படித்துவிட்டு வாருங்கள். இரண்டு பக்கம்கூட வராது.