கொதிக்காத தேநீர்

(லண்டன், ஹேமார்க்கெட் நாடக அரங்கின் வாசல். 1747-ஆம் ஆண்டின் ஒரு மாலை, மணி ஏழரை. சீட்டில் அச்சிட்டதைத் தவிர வேறெதையும் நம்பாத இந்த ‘வந்தவர்’, எல்லா ஊர் அரங்கு வாசலிலும் எப்படியோ எனக்கு முன்னால் வந்து நிற்பவர்தான்.)

வந்தவர்: ஆறரை மணிக்கு நடிகர் திரு. சாமுவேல் ஃபூட் தம் நண்பர்களுக்குத் தேநீர் தருகிறார் என்று செய்தித்தாளில் படித்துவிட்டு, காசு கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரு மணி நேரமாகிறது, கோப்பைச் சத்தம்கூடக் கேட்கவில்லையே!

வாயில்காரர்: தண்ணீர் இன்னும் கொதிக்கவில்லை ஐயா. அதுவரை உங்களுக்குப் பொழுது போக வேண்டுமே என்றுதான் அவர் மேடையில் இளம் நடிகர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

வந்தவர்: அந்தப் பயிற்சியைப் பார்த்தேன். நடிகர் குவினின் கட்டைக்குரலை அப்படியே எடுத்துக்கொண்டு, இரவுக் காவற்காரன் தெருவில் மணி சொல்லிப் போவதுபோல முழங்கினார். பிறகு நடிகை பெக் வொஃபிங்டனின் குரலில் ஆரஞ்சுப்பழம் விற்றார். விலா நோகச் சிரித்தேன், மறுக்கவில்லை. சிரித்துத் தொண்டை வறண்டுவிட்டதால்தான் தேநீர் கேட்கிறேன்.

வாயில்காரர்: நீங்கள் பார்த்தது நாடகம் என்று நினைத்துவிட்டீர்களா?

வந்தவர்: பின்னே என்ன?

வாயில்காரர்: மெல்லப் பேசுங்கள். 1737-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காசு வாங்கிக்கொண்டு நாடகம் போடும் உரிமை ட்ரூரி லேன், கோவன்ட் கார்டன் ஆகிய இரண்டு அரங்குகளுக்கும்தான் உண்டு. ஏப்ரலில் இங்கே ஆட்டம் தொடங்கிய கையோடு அதிகாரிகள் வந்து நிறுத்திவிட்டார்கள். ஆனால், தேநீர் கொடுப்பதற்கு உரிமம் தேவையில்லை. ஆகவே நீங்கள் காசு கொடுத்தது தேநீருக்கு, சிரித்தது இலவசம்.

வந்தவர்: அப்படியானால் காசு கொடுத்த தேநீர் எங்கே?

வாயில்காரர்: கொதிக்கவில்லை.

வந்தவர்: முன்பு நண்பகலில் சாக்லேட் பானம் தருவதாக அழைத்தீர்கள். அதுவும் வரவில்லை.

வாயில்காரர்: அதுவே இன்னும் கொதிக்கவில்லை ஐயா. அது இறங்கினால்தானே தேநீருக்கு அடுப்பு கிடைக்கும்?

வந்தவர்: காசைத் திருப்பிக் கொடுங்கள்.

வாயில்காரர்: பரம்பரைச் சொத்தைக் கரைத்துவிட்டு, கடனாளிச் சிறையையும் பார்த்துவிட்டு வந்த மனிதரிடம் இதைக் கேட்கிறீர்களே!

வந்தவர்: உங்கள் ஃபூட் மரியாதையாகச் சோக நாடகத்தில் நடித்துப் பிழைக்கலாமே?

வாயில்காரர்: 1744-இல் இதே மேடையில் ஒதெல்லோவாக நின்று பார்த்தார், எடுபடவில்லை. மேலும், மக்கள் அழுவதைத் தடுக்க எந்த அமைச்சரும் சட்டம் கொண்டுவந்ததில்லை. மேடைகள் தம்மைக் கேலி செய்வதைப் பொறுக்க முடியாமல்தான் அன்றைய பிரதமர் ராபர்ட் வால்போல் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அவர் பதவியை விட்டுப் போய் ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. சட்டம் மட்டும் இன்னும் வாசலில் நிற்கிறது. அது நிற்பதால்தான் நானும் நிற்கிறேன்.

வந்தவர்: (குரலைத் தாழ்த்தி) நான் சிரித்ததற்கு வழக்கு ஏதும் வருமா?

வாயில்காரர்: யாராவது கேட்டால், தேநீர் நல்ல சூடாக இருந்தது என்று சொல்லிவிடுங்கள்.

வந்தவர்: கண்ணாலேயே பார்க்காத தேநீரைச் சூடாக இருந்தது என்று எப்படி ஐயா சொல்வது? சர்க்கரை போதவில்லை என்று வேண்டுமானால் சொல்கிறேன். அதில் பொய் இல்லை.