‘பாட்டியைப் பார்த்து வளர்ந்தவங்க நாம, இது என்ன பெரிய வேலை?’ என்பவர்களுக்கு

மெல்போர்ன், சிட்னி தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வரும் கேள்வி இது: ‘ஏஜ்டு கேர் வேலைக்கு சர்ட் த்ரீ எங்கே சீக்கிரம் முடிக்கலாம்?’ முதியோர் பராமரிப்பு வேலைக்குக் கேட்கும் மூன்றாம் நிலைச் சான்றிதழ்தான் சர்ட் த்ரீ. கீழே ஆளாளுக்கு ஒரு காலேஜ் பெயரைப் போடுவார்கள். ஒருவராவது எழுதுவார்: ‘நம்ம ஆளுங்களுக்கு இது ஒரு விஷயமா? தாத்தா பாட்டியை வீட்டில் வச்சுப் பார்த்தவங்கதானே.’

கேள்வியும் சரியில்லை, பதிலும் சரியில்லை. வீட்டில் பெரியவர்களைப் பார்த்த பழக்கம் பொறுமையைத் தரும், மலம் மூத்திரம் என்றால் முகம் சுளிக்காத மனசைத் தரும். அது பெரிய முதல்தான். ஆனால் அந்த வீட்டுப் பழக்கத்தில் நம் கைக்கு வந்த வேலைகளில் பாதி இங்கே தப்பு. சில சட்டப்படியே தப்பு.

தூக்குவதையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிலில் இருந்து எழுப்ப நாம் என்ன செய்வோம்? அக்குளில் கை கொடுத்து ‘ஒண்ணு ரெண்டு மூணு’ என்று இழுப்போம். பக்கவாதம் வந்தவருக்கு அந்தத் தோள் மூட்டு ஏற்கெனவே தளர்ந்திருக்கும், இழுத்தால் நழுவிவிடும். தூக்குபவர் இடுப்பும் போகும். அதனால் இங்கே அக்குளில் கை வைத்துத் தூக்குவது கூடவே கூடாது. நிற்க முடிந்தவரைத் தாமாக எழ விடுவார்கள்: கட்டில் விளிம்புக்கு வரச் சொல்லி, பாதங்களை முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைக்கச் சொல்லி, ‘மூக்கு கால்விரலுக்கு நேரே வரட்டும்’ என்று முன்னால் சாயச் சொன்னால் பலர் எழுந்துவிடுவார்கள். நிற்கவே முடியாதவருக்கு ஹோயிஸ்ட், அதாவது ஆளைத் தூக்கும் இயந்திரம்.

ஹோயிஸ்டுக்கு இரண்டு பேர். பயிற்சிக்கு வருபவர்கள் அதிகம் சொதப்புவது ஸ்லிங் கட்டுவதில்தான், அதாவது ஆளைத் தாங்கும் துணித் தொட்டிலை மாட்டுவதில். ஸ்லிங்கின் அளவு அந்த முதியவருடைய கேர் பிளானில் (பராமரிப்புத் திட்டத்தில்) எழுதியிருக்கும், கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. தையல் பிரிந்திருக்கிறதா, லேபிளில் எடை வரம்பு படிக்கும்படி இருக்கிறதா என்று பாருங்கள். தோள் பக்கம் குட்டை லூப்பும் கால் பக்கம் நீள லூப்பும் மாட்டினால் ஆள் நிமிர்ந்து உட்கார்வார். மாற்றி மாட்டினால் மல்லாந்து சாய்வார். இடது வலது இரண்டிலும் ஒரே நிற லூப் வேண்டும், இல்லாவிட்டால் ஒருக்களித்துத் தொங்குவார். மெத்தையை விட்டு நாலு விரல் உயரம் எழுந்ததும் நிறுத்தி எல்லா லூப்பையும் இன்னொரு முறை பார்க்க வேண்டும். பெரும்பாலான மாடல்களில் தூக்கும்போது ஹோயிஸ்டின் சக்கர பிரேக்கைப் போடக் கூடாது, பாரத்துக்கு ஏற்றபடி அது தானாக நகர்ந்து நடுவுக்கு வர வேண்டும். கட்டிலுக்கு மட்டும் பிரேக். ‘பார்ட்னர் பிஸியா இருக்காங்க, நானே பண்ணிடறேன்’ என்ற நினைப்பு வரும் பாருங்கள், விபத்துகள் அங்கேதான் தொடங்குகின்றன.

அடுத்தது சாப்பாடு. நம் ஊரில் ஊட்டிவிடுவதுதான் பாசம். இங்கே ஸ்பூனைப் பிடிக்க முடிகிறவர் கையில் ஸ்பூனைக் கொடுக்க வேண்டும், சட்டையெல்லாம் சிந்தினாலும் சரி. பத்து நிமிடத்தில் நாம் ஊட்டி முடித்துவிடலாம். ஆனால் ஒரு மாதம் அப்படி ஊட்டினால் அவர் கை ஸ்பூனை மறந்துவிடும். தமிழ்ப் பிள்ளைகளிடம் மேற்பார்வையாளர்கள் அடிக்கடி சொல்லும் குறை இதுதான்: மிக நல்லவர்கள், ஆனால் எல்லாவற்றையும் தாங்களே செய்துவிடுகிறார்கள்.

விழுங்குவதில் சிக்கல் உள்ளவர் கதையே தனி. ஆஸ்திரேலியாவில் 2019 மே முதல் சாப்பாடும் பானமும் எவ்வளவு கெட்டி என்று சொல்லும் இட்சி (IDDSI) என்ற உலகளாவிய அளவுகோல்தான். தண்ணீர் 0, வழக்கமான சாப்பாடு 7. லெவல் 5 என்றால் துண்டுகள் 4 மில்லிமீட்டருக்குள், லெவல் 6 என்றால் 15 மில்லிமீட்டருக்குள். பானத்தின் கெட்டியைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். அதற்கென்று சொல்லப்பட்ட 10 மில்லி சிரிஞ்சில் நிரப்பி, 10 விநாடி ஒழுகவிட்டு, மிச்சத்தைப் பாருங்கள்: 1 முதல் 4 மில்லி என்றால் லெவல் 1, 4 முதல் 8 என்றால் லெவல் 2, எட்டுக்கு மேல் தங்கி, கொஞ்சமாவது ஒழுகினால் லெவல் 3. கெட்டியாக்கும் பொடியைக் கலந்ததும் கொடுத்துவிடக் கூடாது, டப்பாவில் போட்ட நேரம் வரை காத்திருக்க வேண்டும். இன்னொரு பொறி: ஐஸ்கிரீமும் ஜெல்லியும் தட்டில் கெட்டியாக இருக்கும், வாயில் போனால் தண்ணீர். கெட்டிப் பானம் குடிப்பவருக்குப் பிறந்தநாள் அன்று ‘பாவம், ஒரு ஸ்பூன்’ என்று கொடுத்தால் அது நேரே நுரையீரலுக்குப் போகலாம். சாப்பிடும்போது நிமிர்ந்து உட்கார வேண்டும், முடித்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே. நீங்களும் உட்கார்ந்து ஊட்டுங்கள். நின்றால் அவர் அண்ணாந்து விழுங்க வேண்டிவரும். குரல் திடீரென்று தண்ணீரில் கொப்பளிப்பது போலக் கேட்டால் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு ஆர்.என்.-ஐ, அதாவது பதிவு பெற்ற நர்ஸைக் கூப்பிடுங்கள்.

‘விழுந்துடுவாரே’ என்ற பயத்தில் நாம் செய்யும் வேலைகள் இன்னும் சங்கடமானவை. கட்டிலின் இரு பக்கமும் தடுப்பு ஏற்றுவது, நாற்காலிக்கு முன் மேசையைத் தள்ளி அடைப்பது, சக்கர நாற்காலியில் அவருக்கு எட்டாத பிரேக்கைப் போட்டு வைப்பது. நமக்கு இது அக்கறை. இங்கே இதற்குப் பெயர் கட்டுப்படுத்தும் நடவடிக்கை. மருத்துவ மதிப்பீடும் உரியவர் சம்மதமும் இல்லாமல் செய்தால் அது புகாருக்குரிய சம்பவம். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் சர்ஸ் (SIRS) என்ற சம்பவ அறிவிப்பு விதிப்படி கடுமையான சம்பவங்களை 24 மணி நேரத்துக்குள் முதியோர் பராமரிப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நீங்கள் பார்த்ததை உடனே மேலே சொல்லாமல் விட்டால் நிறுவனம் அந்தக் கெடுவைத் தவறவிடும். முதியோர் பராமரிப்பை விசாரித்த ராயல் கமிஷன் 2019 அக்டோபரில் தந்த இடைக்கால அறிக்கையின் தலைப்பே ‘புறக்கணிப்பு’. இந்த விதிகளின் கெடுபிடிக்குப் பின்னால் அது இருக்கிறது.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் நமக்கு வராது. எண்பத்தைந்து வயதுக்காரரை ‘ஜான்’ என்று அழைக்க வாய் கூசும். அவர் அப்படித்தான் விரும்புகிறார் என்றால் அப்படித்தான். ‘டார்லிங்’, ‘ஸ்வீட்டி’ வேண்டாம், அவர் குழந்தை இல்லை. டிமென்ஷியா (மறதி நோய்) உள்ள அம்மா ‘எங்கம்மா ஸ்கூல் வாசல்ல காத்திருப்பாங்க’ என்று கதவைப் பிடித்து இழுத்தால், ‘உங்கம்மா செத்து நாற்பது வருஷமாச்சு’ என்று திருத்தாதீர்கள். அவருக்கு அது புதுச் சாவு. அம்மாவைப் பற்றிக் கேளுங்கள், கூட நாலடி நடங்கள். அடிக்கிறார், கடிக்கிறார் என்றால் முதலில் வலியா என்று சந்தேகப்படுங்கள். சொல்ல முடியாதவர்களுக்கு ஆபி வலி அளவுகோல் இருக்கிறது: ஆறு கேள்வி, மொத்தம் 18 மதிப்பெண், 14-ஐத் தொட்டால் கடும் வலி. டாஸ்மேனியா பல்கலைக்கழகத்தின் விக்கிங் மையம் டிமென்ஷியா பற்றி இலவச ஆன்லைன் வகுப்பு நடத்துகிறது. கோர்ஸில் சேரும் முன்பே அதை முடித்துவிடலாம்.

குறிப்பு எழுதுவது பலருக்கும் பிடிக்காத வேலை. ‘ஒத்துழைக்கவில்லை, கோபமாக இருந்தார்’ என்று எழுதினால் அடுத்த ஷிப்டுக்கு ஒன்றும் புரியாது. ‘காலை 7.20, இடது கையில் இருந்து சட்டையைக் கழற்றும்போது என் கையைத் தள்ளினார், முகம் சுளித்தார்’ என்று எழுதினால் ஆர்.என். அந்த இடது தோளைப் பார்ப்பார். அந்தத் தோள் பலவீனமான பக்கம் என்றால் பிழை உங்களுடையதாகவும் இருக்கலாம்: கழற்றும்போது நல்ல பக்கம் முதலில், போடும்போது பலவீனமான பக்கம் முதலில்.

இப்போது காலேஜ் விஷயம். அந்த சர்ட் த்ரீயின் குறியீடு சி.எச்.சி. 33021. மொத்தம் 15 பாடம், 9 கட்டாயம், 6 விருப்பம். முதியோர் பராமரிப்புக்கு என்றால் டிமென்ஷியா பாடமும் பாலியேட்டிவ் (நோய் தீராதவர்களின் வேதனை தணிக்கும் பராமரிப்பு) பாடமும் உங்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தது 120 மணி நேரம் பிளேஸ்மென்ட், அதாவது வேலையிடத்தில் நேரடிப் பயிற்சி. ஆர்.டி.ஓ. என்றால் இங்கே வண்டி லைசென்ஸ் ஆபீஸ் இல்லை, பதிவு பெற்ற பயிற்சி நிறுவனம். ‘பிளேஸ்மென்ட்டை நாங்க பேப்பர்ல பார்த்துக்கறோம்’ என்று சொல்லும் ஆர்.டி.ஓ.க்களும் உண்டு. சொகுசாகத் தெரியும். 2024 கடைசியில் இருந்து தேசியக் கண்காணிப்பு அமைப்பான ஆஸ்குவா, ஒழுங்காகப் பயிற்சி தராத நிறுவனங்கள் கொடுத்த சான்றிதழ்களை ஆயிரக்கணக்கில் ரத்து செய்தது. இந்தப் படிப்பும் அதில் இருந்தது. வேலையில் இருந்தவர்கள் கையில் இருந்த காகிதம் ஒரே கடிதத்தில் செல்லாததானது. பணம் வாங்கியவர் கடையை மூடிவிட்டிருந்தார் என்றால் யாரிடம் போய் நிற்பது?

அவசரப்படுவதற்குக் காரணம் புரிகிறது. 2023 ஜூன் 30-இல் சம்பளம் 15 விழுக்காடு ஏறியது, 2025-இல் மறுபடியும். 2024 அக்டோபர் முதல் முதியோர் இல்லங்கள் ஒரு குடியிருப்பாளருக்குச் சராசரியாக நாளுக்கு 215 நிமிடப் பராமரிப்பு தர வேண்டும், அதில் 44 நிமிடம் ஆர்.என். கையால். ஆள் வேண்டும், வேலை கிடைக்கும். ஆனால் மீதி 171 நிமிடத்தை மூன்று ஷிப்டுக்குப் பிரித்துப் பாருங்கள். குளியல், உடை, மூன்று வேளைச் சாப்பாடு, கழிவறை, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் அதற்குள். ஹோயிஸ்டைத் தொடாமல் சான்றிதழ் வாங்கி வந்தவர் முதல் வாரத்திலேயே திணறுவார், கூட நிற்பவரையும் சேர்த்து இழுப்பார்.

நிரந்தர வசிப்புரிமை (பி.ஆர்.) உள்ளவர்கள் முதலில் உங்கள் மாநிலத்து டேஃபை, அதாவது அரசுத் தொழிற்பயிற்சிக் கல்லூரியை விசாரியுங்கள். விக்டோரியாவில் இது இலவச டேஃப் பட்டியலில் வந்த படிப்பு. தனியார் என்றால் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். பயிற்சி அறையில் கட்டிலும் ஹோயிஸ்டும் இருக்கிறதா, இப்போதே பார்க்கலாமா? பிளேஸ்மென்ட் இடத்தை நீங்கள் ஏற்பாடு செய்வீர்களா, நான் தேட வேண்டுமா? அங்கே என்னை மதிப்பிட யார் வருவார், எத்தனை முறை? மூன்றாவது கேள்விக்கு ‘அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று பதில் வந்தால், கையில் இருக்கும் ஃபார்மை மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.