எல்லா ரீஜென்சி நாவலும் எல்லோருக்கும் உரியதல்ல

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்க இங்கிலாந்தைக் களமாகக் கொண்ட ரீஜென்சி காலக் காதல் நாவல்களைப் படிக்க விரும்புகிறேன், எதிலிருந்து தொடங்கலாம் என்று யாராவது கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கிறது: முதலில் ஜார்ஜெட் ஹேயர், பிறகு ஜூலியா குவின், நேரமிருந்தால் மேரி பாலோ. மூவரையும் நான் விரும்பிப் படிப்பவள். ஆனாலும், கேட்பவர் இதுவரை எதைப் படித்து மகிழ்ந்தார், எதைப் பாதியில் மூடி வைத்தார் என்று விசாரிக்காமல் இந்தப் பெயர்களைச் சொல்லி அனுப்புவது, அவருக்கும் அந்த எழுத்தாளர்களுக்கும் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். அக்காலத்திலேயே வாழ்ந்து எழுதிய ஜேன் ஆஸ்டினை நேசிக்கும் ஒருவர் குவினின் நாவலை எடுத்துவிட்டு "இந்த வகை எழுத்தே மேலோட்டமானது" என்று முடிவுகட்டுவதையும், குவினின் நாவல்களைத் தழுவிய 'பிரிட்ஜர்டன்' தொலைக்காட்சித் தொடரில் மயங்கியவர் ஹேயரின் முதல் ஐம்பது பக்கங்களிலேயே சோர்ந்து விலகிவிடுவதையும் பலமுறை பார்த்திருக்கிறேன். இருவருக்கும் பொருத்தமான நூல்கள் இருக்கின்றன. அவை வேறு நூல்கள்.

இங்கிலாந்தின் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநலம் குன்றி ஆட்சி நடத்த இயலாமற்போனபோது, அவருடைய மூத்த மகன் அரசப் பிரதிநிதியாக இருந்து ஆண்ட 1811 முதல் 1820 வரையிலான காலமே கறாரான கணக்கில் ரீஜென்சி. நாவல் உலகம் இந்த எல்லையை மதிப்பதில்லை. லொரெட்டா சேஸின் 'லார்ட் ஆஃப் ஸ்கவுண்ட்ரல்ஸ்' 1828இல் நடக்கிறது. லிசா கிளேபாஸின் 'வால்ஃபிளவர்ஸ்' வரிசை விக்டோரியா அரசியின் காலத்துக்கே போய்விடுகிறது. இவையும் அதே அலமாரியில்தான் விற்கப்படுகின்றன. இதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. ஆண்டுக் கணக்கைவிட வாசகருக்கு முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் திருமணமான பெண்ணுக்குச் சட்டத்தின் பார்வையில் தனி இருப்பே கிடையாது. முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதிப் பாதுகாக்காவிட்டால், அவளுடைய பணம் கணவனுடையதாகிவிடும். குடும்பத்தின் நிலமும் மாளிகையும் பெரும்பாலும் மூத்த மகனுக்குப் போகும். மகன் இல்லையென்றால் எங்கோ இருக்கும் பங்காளிக்குப் போகலாம். மறுமணத்துக்கு வழிவிடும் முழுமையான விவாகரத்து வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே இயற்றியாக வேண்டும். இருபத்தொரு வயது நிரம்பாதவர் தந்தையின் சம்மதமின்றி உரிமம் பெற்று மணம் புரிய 1753ஆம் ஆண்டுச் சட்டம் இடம்தரவில்லை. காதலர்கள் எல்லை தாண்டி, அச்சட்டம் செல்லாத ஸ்காட்லாந்தின் கிரெட்னா கிரீன் என்ற ஊருக்கு ஓடியது அதனால்தான். சில நாவல்களில் இந்தச் சட்டமும் பணமும்தான் கதையின் முதுகெலும்பு. நாயகி தவறான ஒருவனைத் தேர்ந்தெடுத்தால் அவள் வாழ்வு முழுவதும் என்னவாகும் என்ற அச்சம் ஒவ்வொரு உரையாடலுக்கும் அடியில் ஓடிக்கொண்டிருக்கும். வேறு சிலவற்றில் காலம் என்பது நடன அரங்கும் மெழுகுவத்தி ஒளியும் அழகிய உடைகளும் மட்டுமே; மனிதர்கள் நம் காலத்தவரைப் போலவே பேசி, நம் காலத்தவரைப் போலவே துணிகிறார்கள். நீங்கள் தேடுவது இவற்றுள் எதை என்பதே முதற்கேள்வி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதல் வகையை விரும்புபவருக்கு நான் தயங்காமல் கொடுக்கும் நூல் ஹேயர் 1961இல் எழுதிய 'எ சிவில் காண்ட்ராக்ட்'. போர்க்களத்திலிருந்து திரும்பும் இளம் பிரபு ஆடம், தந்தை விட்டுச்சென்ற கடன்களால் குடும்பச் சொத்தே கைவிட்டுப் போகும் நிலையைக் காண்கிறான். நேசித்த அழகியை விட்டுவிட்டு, லண்டன் வணிகர் ஒருவரின் மகளான ஜென்னியை அவளுடைய பணத்துக்காக மணக்கிறான். ஜென்னி அழகியல்ல, சாதுரியமாகப் பேசுபவளும் அல்ல. அவள் அவனை முன்பிருந்தே நேசிப்பவள். அதை அவன் அறியமாட்டான். மாமனார் சாலி அள்ளிக் கொடுக்கும் ஒவ்வொரு பரிசும் ஆடமின் தன்மானத்தைக் கீறுகிறது. ஆனால் கொடுப்பவரின் மனமோ கள்ளமற்றது. வர்க்கம் என்பது ஒரு சாப்பாட்டு மேசையில் எப்படி வலிக்கும் என்பதை இவ்வளவு நிதானமாகக் காட்டிய வேறொரு காதல் நாவலை நான் படித்ததில்லை. பெருங்காதலை எதிர்பார்ப்பவர்கள் இந்த நூலால் ஏமாற்றமடைகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்; அவர்களுக்கு அதே ஹேயரின் 'வெனீஷியா' பொருந்தும். தம்பி தங்கைகளைக் கட்டி மேய்க்கும் அக்காவின் கதையும் நகைச்சுவையும் வேண்டுவோருக்கு 'ஃப்ரெடெரிக்கா' இருக்கிறது.

ஹேயரைப் பரிந்துரைக்கும்போது மறைக்கக்கூடாதவை இரண்டு. அவருடைய பாத்திரங்கள் அக்காலக் கொச்சைமொழியைத் தாராளமாகப் பேசுவதால் தொடக்கத்தில் வாசிப்பு தடைபடும். பொறுமை காப்பவருக்கு மூன்றாம் அத்தியாயத்துக்குள் அதன் இசை பிடிபட்டுவிடும். மற்றொன்று கசப்பானது: 'தி கிராண்ட் சோஃபி' நாவலில் வரும் யூத வட்டிக்காரர் பாத்திரம் இன வெறுப்பின் அப்பட்டமான வார்ப்பு. 1950இல், யூதர்கள் மீது நிகழ்ந்த பேரழிவு முடிந்து ஐந்தே ஆண்டுகளில், அது அச்சேறியது. அந்த நாவலின் மற்ற பக்கங்கள் எவ்வளவு உற்சாகமானவையாக இருந்தாலும், முன்னறிவிப்பின்றி அதை ஒருவர் கையில் கொடுப்பது சரியல்ல.

'பிரிட்ஜர்டன்' தொடரைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு ஜூலியா குவினே இயல்பான வாசல். உடன்பிறந்தோரின் கேலியும் பாசமும், விரைந்து பாயும் உரையாடலும் அவருடைய பலம். சட்டமும் சொத்தும் அவர் கதைகளில் பெரிதாக எடைபோடுவதில்லை. ஆனால் பிரிட்ஜர்டன் வரிசையின் முதல் நாவலான 'தி ட்யூக் அண்ட் ஐ'யில், குடிமயக்கத்தில் இருக்கும் கணவனின் விருப்பத்துக்கு மாறாக நாயகி நடந்துகொள்ளும் காட்சி ஒன்று உண்டு. பல வாசகர்கள் அதை வன்முறையாகவே கருதுகிறார்கள், நானும் அவ்வாறே கருதுகிறேன். எனவே, 2000இல் வெளிவந்த இரண்டாம் நாவலான 'தி வைகவுண்ட் ஹூ லவ்ட் மீ'யிலிருந்து தொடங்குமாறு சொல்கிறேன். நம்மவர்களுக்கு இங்கே ஒரு சிறப்பு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. தொடரின் இரண்டாம் பருவத்தில் தமிழ் வழிவந்த சிமோன் ஆஷ்லி ஏற்று நடித்த கேட் சர்மாவை நாவலில் தேடினால் கிடைக்கமாட்டாள். அங்கே அவள் கேட் ஷெஃபீல்ட் என்ற ஆங்கிலப் பெண். திரையில் 'அப்பா' என்ற சொல் ஒலித்தபோது பூரித்த மனத்தோடு நூலைத் திறப்பவர், இதை முன்பே அறிந்திருந்தால் அந்த நாவலை அதன் தகுதிக்கேற்ப ரசிக்க முடியும்.

மேரி பாலோ இவர்கள் இருவருக்கும் நடுவில் நிற்பவர் அல்லர். அவருடைய அக்கறையே வேறு. நெப்போலியப் போர்களில் உடலோ மனமோ சிதைந்த ஆறு ஆண்களும் ஒரு பெண்ணும் கார்ன்வாலின் ஒரு மாளிகையில் தேறி எழுந்ததை அடிப்படையாகக் கொண்ட அவருடைய 'சர்வைவர்ஸ் கிளப்' வரிசை, வாழ்க்கையில் ஓரளவு அடிபட்டவர்களுக்கான வாசிப்பு. பார்வை இழந்தவர் ஒருவரும் அதில் நாயகராக வருகிறார். இளமைத் துள்ளலை விரும்புபவருக்கு இதன் வேகம் போதாது. ட்யூக் எனும் உயர்பிரபுக்களே சலித்துப்போனவர்களுக்கு கார்லா கெல்லி: அவர் உலகில் கடற்படைத் தளபதிகளும் அறுவை மருத்துவர்களும் வறிய விதவைகளும் நடமாடுகிறார்கள். வாய்விட்டுச் சிரிக்க டெஸ்ஸா டேர்.

நாயகனின் செல்வம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் படிக்க என்னால் இப்போது முடிவதில்லை. ஹேயரின் 'பிளாக் ஷீப்' நாயகன் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, பெருஞ்செல்வத்தோடு திரும்புபவன். அந்தச் செல்வம் கதைக்கு ஒரு வசதி மட்டுமே. வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்ததும் அடக்கப்பட்டதும் 1806இல், அந்த நடன அரங்குகளில் இசை ஒலித்துக்கொண்டிருந்த அதே தலைமுறையில். அடிமைகளின் உழைப்பில் விளைந்த கரீபியச் சர்க்கரைப் பணத்தைப் பற்றியும் இதே கேள்வி எழுகிறது. 'பிளாக் ஷீப்' நாவலின் பேச்சழகை நான் இன்றும் ரசிக்கிறேன்; ஆயினும் இக்கேள்வி உறுத்தும் வாசகர்கள், கரீபிய வேர்கொண்ட மாந்தர்களை ரீஜென்சி லண்டனின் நடுவில் நிறுத்தி எழுதும் வனெஸ்ஸா ரைலி போன்றோரை நாடலாம்.

படுக்கையறைக் காட்சிகள் வேண்டுமா வேண்டாமா என்பதைக் கேட்கக் கூச்சப்படவே கூடாது. முன்பு சிக்னெட், ஜீப்ரா ஆகிய பதிப்பகங்களின் மெலிந்த ரீஜென்சி நூல்களை எடுத்தால் பெரும்பாலும் முத்தத்தோடு நின்றுவிடும் என்று நம்பலாம்; அந்த வரிசைகள் 2000களின் நடுவில் நின்றுபோயின. இன்று கார்ட்டூன் போன்ற இனிய அட்டைக்குள் மிக வெளிப்படையான காட்சிகள் இருக்கக்கூடும் என்பதால், அட்டையை நம்ப முடிவதில்லை. வாங்குமுன் அந்த நூலுக்கு வந்த கடுமையான விமர்சனங்களைப் படிப்பதே என் வழக்கம். "எதுவுமே நடக்கவில்லை, ஓயாமல் பேசுகிறார்கள்" என்று ஒருவர் மனம்நொந்து எழுதியிருந்தால், அது எனக்கான நூல் என்று உடனே தெரிந்துவிடுகிறது.

ஆகவே, பரிந்துரை வேண்டுவோர் பிடித்த நூலின் பெயரோடு, பாதியில் கைவிட்ட நூலின் பெயரையும், எந்த இடத்தில் மனம் விலகியது என்பதையும் கீழே எழுதுங்கள். அதைப் படித்த பிறகே நான் ஒரு பெயரைச் சொல்வேன்.