எந்த 'தாஸ் போட்' பார்த்தீர்கள்?

'தாஸ் போட்' பார்த்திருக்கிறேன் என்று இனி யாராவது சொன்னால், எது என்று திருப்பிக் கேட்பதாக இருக்கிறேன். 1981-ல் தியேட்டருக்கு வந்த இந்த ஜெர்மன் நீர்மூழ்கிப் போர்ப் படம் 149 நிமிடம். 1997-ல் இயக்குநர் வோல்ஃப்காங் பீட்டர்சனே மறுபடி எடிட் செய்து, ஒலியையும் புதுப்பித்து வெளியிட்டது 208 நிமிடம். எங்கள் வட்டத்தில் கைமாறிக்கொண்டிருந்தது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். இவற்றைத் தாண்டி, ஜெர்மன் தொலைக்காட்சிக்கென்று செய்த மூன்றாவது ஒன்று உண்டு. ஏறக்குறைய ஐந்து மணி நேரம். நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வரும்போது அதன் டிஸ்க்கைக் கொண்டுவந்து, 'பத்திரம், திருப்பித் தரணும்' என்று நாலு தடவை சொல்லிக் கொடுத்தார். பார்த்து முடித்ததிலிருந்து யாரைப் பார்த்தாலும் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் கேட்க ஆளில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம். 1941-ன் பிற்பகுதி. ஜெர்மானியர்கள் பிடித்து வைத்திருக்கும் பிரான்ஸின் மேற்குக் கரையில், லா ரோஷெல் துறைமுகத்திலிருந்து யு-96 என்ற நீர்மூழ்கி அட்லாண்டிக்குக்குப் புறப்படுகிறது. பிரிட்டனுக்குச் சரக்கு கொண்டுபோகும் கப்பல்களை மூழ்கடிப்பது அதன் வேலை. கூடவே லெப்டினன்ட் வெர்னர் என்ற போர்ச் செய்தியாளரும் ஏறிக்கொள்கிறார். இந்த வெர்னரின் அசல், நாவலாசிரியர் லோதர்-குந்தர் புக்ஹைம். 1941-ல் நிஜமான யு-96-ல் செய்தியாளராகப் பயணம் செய்தவர் அவர். அந்த அனுபவத்திலிருந்து 1973-ல் எழுதிய நாவல்தான் படமானது. நிஜக் கப்பலின் கேப்டன் ஹைன்ரிஷ் லேமன்-வில்லன்பிராக் படத்துக்கு ஆலோசகராகவே இருந்திருக்கிறார். (இனிமேல் முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். 40 வருடத்துக்கு மேல் ஆன படம், என்னைத் திட்டாதீர்கள்.)

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீட்டிக்கப்பட்ட வடிவங்களைக் கண்டால் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. 'அபோகலிப்ஸ் நவ்' என்ற வியட்நாம் போர்ப் படம் 1979-ல் வந்தபோது இரண்டரை மணி நேரம். 2001-ல் அதன் இயக்குநர் கொப்போலா அதை 'ரிடக்ஸ்' என்ற பெயரில் 202 நிமிடமாக்கினார். சேர்ந்ததில் பெரியது, பிரெஞ்சுத் தோட்டக்காரர்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இந்தோசீன வரலாறு பேசும் காட்சி. தனியாகப் பார்த்தால் நல்ல காட்சிதான். ஆனால் ஆற்றில் மேலே மேலே போய்க்கொண்டிருக்கும் அந்தப் படகு அங்கே தரைதட்டி நின்றுவிடுகிறது. 2019-ல் கொப்போலாவே மறுபடி கத்தரி எடுத்து ஒரு 'ஃபைனல் கட்' வெளியிட்டார். எனக்கு இன்றைக்கும் 1979 படம் போதும். எடிட்டிங் மேசையில் வெட்டிப் போட்டதெல்லாம் பொக்கிஷம் என்று நினைக்கும் ரசிகர் கூட்டத்தில் நான் இல்லை.

'தாஸ் போட்' விஷயம் வேறு. இங்கே நீளமான வடிவம் பிறகு யோசித்துச் சேர்த்ததே இல்லை. படத்துக்கு ஆன செலவு ஏறக்குறைய 3.2 கோடி மார்க். அன்றைய ஜெர்மன் சினிமாவுக்கு அது தலைசுற்றும் தொகை. அதில் ஜெர்மன் தொலைக்காட்சி நிறுவனங்களின் பணமும் உண்டு. தியேட்டருக்கு ஒரு படம், டிவிக்கு ஒரு தொடர், இரண்டுக்கும் சேர்த்தே படப்பிடிப்பு நடந்தது. பிபிசி அதை 1984-ல் ஆறு பகுதியாகக் காட்டியது, ஜெர்மனியில் 1985-ல் மூன்று பகுதியாக வந்தது. ஆகவே 149 நிமிடப் படம்தான் சுருக்கம். அதை முழுப் படம் என்று நினைத்துக்கொண்டு இதை 'எக்ஸ்டெண்டட்' என்று சொல்கிறோம்.

அந்தச் சுருக்கத்தில் போனது என்ன? முக்கியமாகக் காத்திருப்பு.

சின்னப் படத்தில் துறைமுகத்தை விட்டதுமே சண்டையின் வாசனை வந்துவிடுகிறது. பெரிய படத்தில் ஒன்றுமே நடக்காத கடலில் நாமும் சேர்ந்து மிதக்கிறோம். கிட்டத்தட்ட ஐம்பது ஆண்கள். ரயிலில் ஸ்லீப்பர் பெட்டியின் நடைபாதை அகலத்துக்குள் இன்ஜின், டார்பிடோ, சமையல், தூக்கம் எல்லாம். ஒருவன் எழுந்தால்தான் அடுத்தவனுக்குப் படுக்கை. இருக்கிற இரண்டு கழிவறைகளில் ஒன்றில் சாப்பாட்டுச் சாமான் அடைத்திருக்கிறார்கள். தலைக்கு மேலே தொங்கும் இறைச்சியும் ரொட்டியும் நாளாக நாளாகப் பூசணம் பிடிக்கின்றன. ஆபாசப் பேச்சு, அற்பச் சண்டை, மறுபடி அதே ஆபாசப் பேச்சு. கேப்டன் கிராமஃபோனில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பாட்டு ஒன்றைப் போடச் சொல்கிறார். மொத்தக் கப்பலும் சேர்ந்து பாடுகிறது, விறைப்பான நாஜி அதிகாரி மட்டும் முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உல்மான் என்ற பொடியன் பிரெஞ்சுக் காதலிக்கு அனுப்பவே முடியாத கடிதங்களைக் கட்டுக் கட்டாக எழுதுகிறான். அவள் கர்ப்பமாக இருக்கிறாள். ஜெர்மானியன் பிள்ளையைச் சுமக்கிறாள் என்று தெரிந்தால் அவள் ஊர்க்காரர்களே அவளை என்ன செய்வார்கள் என்ற பயம் வேறு.

இதெல்லாம் 'லேக்' என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு தம்பி ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்கச் சொன்னான். ஆனால் நீர்மூழ்கிப் போர் என்பதே பெரும்பாலும் இதுதான். கடல் அவ்வளவு பெரிது, நீர்மூழ்கிகளோ கொஞ்சம். புயலுக்கு நடுவே இவர்களுடைய துறைமுகத்து நண்பர் தாம்சனின் நீர்மூழ்கி திடீரென்று எதிரே வருகிறது. எல்லாரும் சிரித்துக் கையாட்டுகிறார்கள். அடுத்த நிமிடம் கேப்டனுக்குக் கோபம் தலைக்கேறுகிறது. இரண்டு பேர் ஒரே இடத்தில் இருந்தால் வேறெங்கோ காவலில் பெரிய ஓட்டை விழுந்திருக்கிறது என்று அர்த்தம், அந்த வழியாகக் கப்பல்கள் தப்பிப் போய்க்கொண்டிருக்கும். அந்த எரிச்சலின் கனம் தெரிய வேண்டுமானால் அதுவரை வெறுங்கடலைப் பார்த்துப் பார்த்து நமக்கும் கண் பூத்திருக்க வேண்டும்.

படப்பிடிப்பே அப்படித்தான் நடந்திருக்கிறது. கதை வரிசைப்படியே எடுத்தார்கள், நடிகர்களின் தாடி உண்மையிலேயே வளர்ந்தது. வெயில் படாமல் வைத்திருந்ததால் தோல் வெளிறியது. மியூனிக்கின் பவேரியா ஸ்டுடியோவில் கப்பலின் உட்புறத்தை முழுக் குழாயாகக் கட்டி, ஹைட்ராலிக் கருவியில் ஏற்றி 45 டிகிரி வரை சாய்த்து ஆட்டினார்கள். கேமராவுக்கு வசதியாக ஒரு பக்கச் சுவரை எடுத்துவிடலாம் என்ற வழக்கமான ஏற்பாடு கிடையாது. ஒளிப்பதிவாளர் யோஸ்ட் வக்கானோ, ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஜைரோ பொருத்திய சின்னக் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு, அடிபடாமல் இருக்கத் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு நடிகர்களுக்குப் பின்னால் அந்த வட்டத் துளைகளுக்குள் புகுந்து புகுந்து ஓடினார். 'முழுகு' என்ற உத்தரவு வந்ததும் எல்லாரும் கப்பலின் மூக்குப் பக்கம் எடை சேர்க்க ஓடும் காட்சியில் கேமராவும் கூட ஓடுகிறது. ஆறு ஆஸ்கர் பரிந்துரையில் ஒளிப்பதிவும் ஒன்று. கிடைக்காமல் போனதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அப்புறம் அந்த டெப்த் சார்ஜ் காட்சிகள், அதாவது மேலிருந்து போட்டு நீருக்கடியில் வெடிக்கும் குண்டுகள். மேலே பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல் ஒலியலை அனுப்பித் தேடுகிறது. உள்ளே ஒருவரும் மூச்சுவிடுவதில்லை. காதில் ஹெட்போன் மாட்டிய ஹின்ரிஷ் மட்டும் அது எந்தத் திசையில் வருகிறது என்று கிசுகிசுக்கிறான். குண்டு, அமைதி, மறுபடி குண்டு. சின்னப் படத்தில் இது பதற்றம், நன்றாகவே வேலை செய்கிறது. பெரிய படத்தில் ஒரு கட்டத்துக்கு மேல் பதறவும் தெம்பில்லாமல் சோர்ந்துவிடுகிறோம். டீசல் இன்ஜினோடே குடித்தனம் நடத்தும் யோஹான், அந்த ஆளா உடைகிறான் என்று திகைக்க வைக்கிறான். வேலையை விட்டுவிட்டு, கண் வெறித்து, வெளியே போகிறேன் என்று வந்து நிற்கிறான். கேப்டன் துப்பாக்கியை எடுக்கப் போகிறார். எர்வின் லெடர் என்ற அந்த நடிகரின் முகத்தை அத்தனை நேரம் இன்ஜின் அறையில் சும்மா பார்த்துக்கொண்டே இருந்ததால்தான் அது நெஞ்சில் இடிக்கிறது.

இனி சொல்லப்போவது எனக்கே சங்கடமான விஷயம்.

தாக்கிவிட்டு ஒளிந்திருந்த நீர்மூழ்கி பல மணி நேரம் கழித்து மேலே வருகிறது. டார்பிடோ பட்ட எண்ணெய்க் கப்பல் இன்னும் எரிந்துகொண்டே மிதக்கிறது. கேப்டன் அதை முடித்துவைக்க இன்னொரு டார்பிடோ விடுகிறார். அப்போதுதான் தெரிகிறது, அதில் ஆட்கள் இருக்கிறார்கள். தீப்பிடித்த உடம்போடு குதிக்கிறார்கள், இவர்களை நோக்கி நீந்தி வருகிறார்கள். இவ்வளவு நேரமாக ஏன் இவர்களை யாரும் காப்பாற்றவில்லை என்று கேப்டன் கத்துகிறார், யாரோ செய்த தப்பு போல. பிறகு கப்பலைப் பின்னால் எடுக்கச் சொல்கிறார். கூப்பிடும் குரல்களை விட்டு நீர்மூழ்கி மெல்லப் பின்வாங்குகிறது.

இதற்குச் சற்று முன்புதான் நான் அந்த நாசகாரிக் கப்பல் இவர்களைத் தவறவிட வேண்டுமே என்று சோபா நுனியில் உட்கார்ந்திருந்தேன். ஹிட்லரின் கடற்படை பிழைக்க வேண்டும் என்று! மணிக்கணக்கில் கூடவே இருந்து, இவர்கள் அழுக்கையும் ஜோக்கையும் பகிர்ந்துகொண்டதன் விளைவு அது. சின்னப் படமும் நம்மை அவர்கள் பக்கம் இழுக்கிறது, ஆனால் அது துரத்தல் படம் பார்க்கும் பரபரப்பு. படம் முடிந்ததும் கலைந்துவிடும். பெரிய படத்தில் இவர்கள் தெரிந்த மனிதர்களாகிவிடுகிறார்கள். தெரிந்த மனிதர்கள் செய்த காரியமாக அதைப் பார்க்க வேண்டி வருகிறது, அதற்கப்புறமும் அவர்களோடேயே பயணம் செய்ய வேண்டி வருகிறது.

படத்தின் முகப்பில், 40,000 ஜெர்மன் நீர்மூழ்கி வீரர்களில் 30,000 பேர் திரும்பவில்லை என்று எழுத்து வரும். லாஸ் ஏஞ்சல்ஸில் முதலில் திரையிட்டபோது அந்த வரிக்குக் கூட்டம் கைதட்டியதாகவும், படம் முடிந்தபோது அதே கூட்டம் எழுந்து நின்று பாராட்டியதாகவும் பீட்டர்சன் சொல்லியிருக்கிறார். பெரும்பாலும் இதைப் படத்தின் வெற்றியாகத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் உறுத்தல் இருக்கிறது. கப்பலில் நாஜி என்று சொல்லும்படி இருப்பது ஒரே ஓர் அதிகாரி. மற்றவர்கள் எல்லாரும் நக்கல் பேர்வழிகள், அப்பாவிகள், களைத்துப்போனவர்கள். இது வசதியான கணக்கு. ஐந்து மணி நேரம் கையில் இருந்தும் இந்த இடத்தில் படம் ஆழம் போகவில்லை.

புக்ஹைமுக்கும் படம் பிடிக்கவில்லை, ஆனால் காரணம் வேறு. போருக்கு எதிரான தன் நாவலை அமெரிக்க ஆக்‌ஷன் படம் மாதிரியும் போர்க்காலப் பிரசாரச் செய்திப்படம் மாதிரியும் ஆக்கிவிட்டார்கள் என்று 1981-லேயே கடுமையாக எழுதினார். நடிகர்கள் கத்துகிற கத்தல் பொய் என்றார். அவரே ஒரு திரைக்கதை எழுதிக் கொடுத்திருந்தார், அது ஆறு மணி நேரத்துக்கு நீளும் என்பதால் ஏற்கவில்லை. 149 நிமிடப் படத்தை மனதில் வைத்துப் பார்த்தால் கிழவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. பெரிய வடிவம் அதில் கொஞ்சத்துக்காவது பதில் சொல்லிவிடுகிறது என்பது என் கட்சி.

ஸ்பெயினின் விகோ துறைமுகக் காட்சியைப் பாருங்கள். நடுநிலை நாட்டில் ஒதுங்கி நிற்கும் ஜெர்மன் சரக்குக் கப்பலில் இவர்களுக்கு விருந்து. வெள்ளைச் சீருடை அதிகாரிகள் சுத்தமாக இருக்கும் நாஜி அதிகாரியைக் கேப்டன் என்று நினைத்துக் கைகுலுக்கப் போகிறார்கள், அசல் கேப்டன் அழுக்குத் தாடியோடு பக்கத்தில் நிற்கிறார். அத்தனை நேரம் பூசண ரொட்டியைப் பார்த்தவனுக்கு அந்த மேசையில் இருக்கும் பழங்களைக் கண்டாலே ஒரு மாதிரி ஆகிறது. மனைவி உடம்பு சரியில்லாத கவலையில் இருக்கும் தலைமை இன்ஜினியரை அங்கேயே இறக்கி ஊருக்கு அனுப்பக் கேப்டன் கேட்ட அனுமதி வரவில்லை. அதே ஆளோடு ஜிப்ரால்டர் நீரிணைக்குள் போகிறார்கள், 280 மீட்டர் ஆழத்தில் தரையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அங்கே கப்பலைப் பிழைக்க வைப்பது அந்த இன்ஜினியரும், முன்பு உடைந்துபோன யோஹானும்தான்.

முடிவில் ஊர் திரும்பித் துறைமுகத்தில் நிற்கும்போது விமானத் தாக்குதல். கேப்டன் சாகிறார், நீர்மூழ்கி கண்ணெதிரே முழுகுகிறது. நிஜத்தில் இப்படி நடக்கவில்லை. யு-96 பிறகு பயிற்சிக் கப்பலாகி, 1945 மார்ச்சில் வில்ஹெம்ஸ்ஹாஃபனில் அமெரிக்கக் குண்டுவீச்சில் முழுகியது. கேப்டன் போருக்குப் பிறகும் வாழ்ந்து, ஜெர்மனியின் அணுசக்திச் சரக்குக் கப்பலான 'ஓட்டோ ஹான்'னுக்கே கேப்டனாக இருந்து 1986-ல் காலமானார். நாடகத்துக்காக மாற்றியதுதான். ஐந்து மணி நேரம் பார்த்துவிட்டு வருபவனுக்கு அது கோபம் வரவழைக்கும் முடிவு, வர வேண்டிய கோபமும்கூட.

பார்க்க நினைப்பவர்களுக்கு: பெரிய வடிவம் கிடைக்காவிட்டால் 1997-ன் 208 நிமிடமே போதும், தாராளமாகப் பார்க்கலாம். 149-ஐக் கடைசித் தேர்வாக வையுங்கள். ஆங்கில டப்பிங்கில் அதே நடிகர்களில் பலரே குரல் கொடுத்திருக்கிறார்கள், ஆனாலும் ஜெர்மன் ஒலியோடு சப்டைட்டில் வைத்துப் பாருங்கள். ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை, விகோ வரை ஒரு நாள், மீதி இன்னொரு நாள். செல்போன் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். ஹெட்போன் இல்லையென்றால் யாரிடமாவது கடன் வாங்குங்கள். டிஸ்க் என்னிடம் கேட்காதீர்கள், அடுத்த வாரம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.