மைக் லீச்சும் அந்த 159-வது வெற்றியும்

பயிற்சியாளர் மைக் லீச்சின் கணக்கு: 158 வெற்றி, 107 தோல்வி. சதவீதம் 59.6. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் (பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுவது) 'ஹால் ஆஃப் ஃபேம்' என்ற கௌரவப் பட்டியலில் ஒரு பயிற்சியாளர் இடம்பெற 60 வேண்டும் என்பது நெடுநாள் விதி. தோற்றதில் ஒரே ஒரு மேட்சை ஜெயித்திருந்தால் கணக்கு சரியாக 60! 2022 டிசம்பரில் மனிதர் இறந்தே போனார். 2025-இல்தான் வரம்பை 59.5 ஆக்கினார்கள், அதுவும் 2027 முதல்தான் செல்லும். சதவீதத்தை வைத்து லீச்சை அளப்பதே அபத்தம் என்பது என் கட்சி.

கல்லூரி அளவில் ஃபுட்பாலே ஆடாதவர், சட்டம் படித்தவர். ஹால் மம்மி என்ற பயிற்சியாளரோடு அயோவா வெஸ்லியன் என்ற சின்னக் கல்லூரியில் 'ஏர் ரெய்டு' முறையை உருவாக்கினார். பந்தை ஏந்தி ஓடுவதைக் குறைத்து, எறிந்துகொண்டே இருப்பது. பிளே, அதாவது முன்பே வகுத்த ஆட்ட நகர்வுகள், கொஞ்சம்தான். அதையே சலிக்கச் சலிக்கப் பயிற்சி.

'மெஷ்' என்ற பிளேயைப் பாருங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) குறுக்கே ஓடிவருவார். ஒருவர் சுமார் ஆறு யார்டு ஆழத்தைப் பிடிப்பார், மற்றவர் அவருக்குக் கீழே ஒட்டினாற்போல் கடப்பார். கை நீட்டினால் தொடும் தூரம். ஆளுக்கு ஆள் காவல் என்றால் துரத்துகிறவர்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொள்வார்கள். காவலர்கள் இடத்தைக் காத்தால், ரிசீவர் காலியிடம் பார்த்து நின்றுவிட வேண்டும். நடுவில் ஒரு யார்டு இடைவெளி விட்டாலும் போச்சு, காவலர் அதற்குள் புகுந்து வந்துவிடுவார்.

இன்னொன்று, முன்வரிசைத் தடுப்பாளர்களுக்கு நடுவே மூன்றடி, சில நேரம் அதற்கும் மேல் இடம் விடுவது. எதிரணியின் ஓர ஆட்கள் அவ்வளவுக்கு விலகி நிற்பதால் பந்தை எறியும் குவாட்டர்பேக்கை எட்ட நேரம் பிடிக்கும். அவருக்கும் பந்தெறிய வழி திறந்து கிடக்கும். நடுச்சந்தில் எவனாவது பாய்ந்தால்? அவன் விட்டுவந்த இடத்துக்கே சட்டென்று எறிய வேண்டும். தாமதித்தால் அடிதான்.

டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தில் பத்து சீசன், ஒன்றில்கூடத் தோல்விகள் வெற்றிகளைத் தாண்டவில்லை. 2008-இல் முதலிடத்திலிருந்த டெக்சஸ் பல்கலைக்கழகத்தை 39-33 என்று சாய்த்தபோது கடிகாரத்தில் மிச்சம் ஒரு நொடி. 2009 இறுதியில், காயம்பட்ட வீரர் ஒருவரை நடத்திய விதம் பற்றிய புகாரில் நீக்கப்பட்டார். அவர் மறுத்தார், வழக்கும் போட்டார்.

குறை இல்லையா? இருக்கிறது, பிடிவாதம். 2020-இல் மிசிசிப்பி ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் மேட்சிலேயே எல்.எஸ்.யூ.வை (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) 44-34 என்று வென்றார். குவாட்டர்பேக் எறிந்தது 623 யார்டு! அடுத்த வாரமே ஆர்கன்சா அணி மூன்று பேரை மட்டும் குவாட்டர்பேக்மேல் பாயவிட்டு, எட்டுப் பேரைப் பின்னால் நிறுத்தியது. எறிய இடமே இல்லை. முன்னால் ஆள் குறைவு என்றால் பந்தை ஏந்தி ஓடத்தானே வேண்டும்? லீச் அப்போதும் எறிந்தார். அதற்கடுத்த வாரம் கென்டக்கி, எறிந்ததில் ஆறு பந்துகளை நடுவிலேயே பறித்தது.

அவரிடம் பாடம் கேட்டுப் பயிற்சியாளர்களான லிங்கன் ரைலியும் ஜாஷ் ஹைப்பலும் இந்த முறையை ஒட்டித்தான் ஆடவைக்கிறார்கள், நல்ல ஓட்டத்தையும் சேர்த்துக்கொண்டு.