"ஃபேண்டஸிதானே!"

ஃபேண்டஸியை, அதாவது மந்திரமும் டிராகனும் வரும் கற்பனைக் கதைகளை, மட்டம்தட்டும் அந்த மேடைப் பேச்சு வீடியோவை, அதையே எழுதுகிற எனக்கு ஆளாளுக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன், போதும். "ஃபேண்டஸிதானே, என்ன வேணாலும் எழுதலாம், யார் கேட்கப்போறா?" கைதட்டல் வேறு.

கேட்பார்கள் ஐயா. வாசகர் கேட்பார்.

பத்தாயிரம் வீரர்களும் இரண்டாயிரம் குதிரைகளும் பாலைவனத்தைக் கடந்தார்கள் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 1 கிலோ தானியம் என்றாலே 10 டன். குதிரைக்குச் சுமார் 10 கிலோ தீவனம். மேய்ச்சல் இல்லாத மணலில் அது இன்னொரு 20 டன். தினமும்! தண்ணீர் தனிக்கணக்கு. பொதிக்குதிரையில் ஏற்றிவிடலாமே என்பீர்கள். 100 கிலோ சுமக்கிற குதிரையும் 10 கிலோ தின்னும். பத்தாம் நாள் முதுகில் வெறும் சாக்குதான் மிஞ்சும். ஆக, பதினைந்து நாள் பாலைவனம் என்று வரைபடத்தில் போட்டால் நடுவில் கிணறு வேண்டும், கிடங்கு வேண்டும், கிடங்குக்குக் காவல் வேண்டும். எதிரி முதலில் தீ வைப்பதும் அங்கேதான். கதையே அங்கேதான் பிறக்கிறது. கற்பனைக் குதிரைக்கும் கொள்ளு வைத்தாக வேண்டும்.

"மந்திரவாதி சொடுக்குப் போட்டால் சோறு வராதா?" தாராளமாக வரும். அப்புறம் அந்த நாட்டில் உழவு எதற்கு, வரி எதற்கு, ராஜாதான் எதற்கு? மந்திரம் போடுகிறவன் எதையாவது இழக்க வேண்டும்: ரத்தம், ஆயுசு, நினைவு, ஏதோ ஒன்று. இல்லாவிட்டால் ஐம்பதாம் பக்கத்துக்குமேல் யாருக்கும் ஆபத்தே கிடையாது. ஆபத்தில்லாத கதையை எவன் படிப்பான்?

"டிராகனே பொய், இதில் லாஜிக் என்ன?" இதைக் கேட்கிறவர்கள் ரொம்பப் புத்திசாலித்தனமாகக் கேட்டுவிட்டதாக நினைக்கிறார்கள். அந்த ஒரு பொய்யை நம்பவைக்கத்தான் மற்றதெல்லாம் நிஜமாக இருக்க வேண்டியிருக்கிறது. உருவத்தை நீளம், அகலம், உயரம் எல்லாவற்றிலும் இரண்டு மடங்காக்கினால் சிறகின் பரப்பு நான்கு மடங்காகும். எடையோ எட்டு மடங்கு. அதனால்தான் பெரிய டிராகன் நின்ற இடத்திலிருந்து எழும்பாமல் மலைமுகட்டிலிருந்து குதிக்கிறது. அழகுக்காக இல்லை.

விவரம் கூடிப்போய்க் கதை நகரவில்லை என்று ஒரு குற்றச்சாட்டு. சிலர் எழுத்தில் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அடுத்து.

சின்னப் பிள்ளைகள் சமாச்சாரமாம். பசியில் ஒரு படையே கலைவதும், அண்ணன் தம்பிக்கு விஷம் வைப்பதும் எந்த வயதுப் பிள்ளைக்கு என்று சொன்னால் அட்டையிலேயே போட்டுவிடலாம். நிஜ வாழ்க்கையிலிருந்து தப்பி ஓடுகிறோமாம். தானிய மூட்டையை எண்ணிக்கொண்டிருக்கிறவனா தப்பி ஓடுகிறான்?

குடும்பக் கதை எழுதுகிறவரிடம் "எப்போ சீரியஸா ஏதாவது எழுதப்போறீங்க?" என்று யாரும் கேட்பதில்லை. எங்களிடம் கேட்கிறார்கள். அதுவும் கைகுலுக்கி, வாழ்த்துச் சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே. அந்த வீடியோவில் பேசியவர் ஃபேண்டஸியில் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லையாம், அதையும் மேடையிலேயே பெருமையாகச் சொன்னார். அதற்கும் கைதட்டினார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை.